மாத்திரையோடு வாழப்போகிறவரின் கணக்கு



மனச்சிதைவு என்று கண்டறிந்து முதல் மருந்துச் சீட்டை எழுதும் வேளையில், அநேகமாக எல்லாக் குடும்பத்தாரும் ஒன்றைத்தான் கேட்பார்கள். "இருக்கிறதிலேயே நல்ல மருந்தா எழுதுங்க சார், விலையைப் பத்திக் கவலையில்ல." பிள்ளைக்காக நகையை அடகு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கேள்வி அது. அதற்கு நான் சொல்லும் பதில் அவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இருப்பதிலேயே நல்லது என்று பெரும்பாலும் ஒன்று கிடையாது. ஒவ்வொரு மருந்தும் எதைக் கொடுக்கிறது, அதற்கு ஈடாக எதை எடுத்துக்கொள்கிறது என்ற கணக்குத்தான் இருக்கிறது. அந்தக் கணக்கை எதை வைத்துப் போடுவது, யாரோடு உட்கார்ந்து போடுவது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இதைச் சான்றில்லாமல் சொல்லவில்லை. 2019-ல் லான்செட் இதழில் ஓர் ஒப்பீட்டு ஆய்வு வெளிவந்தது. 402 ஆய்வுகள், 53,463 நோயாளிகள், 32 ஆன்டிசைகாட்டிக் மருந்துகள் அதில் அடக்கம். காதில் குரல் கேட்பது, சந்தேகம், பயம் ஆகியவற்றைத் தணிப்பதில் குளோசபின் முதலான ஒரு சில மருந்துகள் சற்று முன்னே நின்றன. மற்றவற்றுக்குள் வேறுபாடு சொற்பம். ஆனால் எடை கூடுவது, கை நடுங்குவது, தூக்கம் அழுத்துவது, புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுவது என்று பார்த்தால் மருந்துக்கு மருந்து பெரிய இடைவெளி இருந்தது. பலன் ஏறக்குறைய ஒன்றாகவும் உபாதை வெவ்வேறாகவும் இருக்கும்போது, தேர்வு என்பது எந்த உபாதையை ஏற்றுக்கொள்வது என்ற தேர்வாகத்தான் இருக்க முடியும்.

அதை ஏற்றுக்கொள்ளப் போகிறவர் நோயாளி. அவரைக் கேட்காமல் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் 57 மருத்துவ மையங்களில் நடந்து 2005-ல் வெளியான கேட்டி ஆய்வில், 18 மாதம் முடிவதற்குள் நூற்றுக்கு 74 பேர் தங்களுக்குத் தரப்பட்ட மருந்தைக் கைவிட்டார்கள் அல்லது மாற்ற வேண்டி வந்தது. பலன் போதாமல் விட்டவர்களும் உண்டு, உபாதை தாங்காமல் விட்டவர்களும் உண்டு. அதிகமானோர் கடைசிவரை தொடர்ந்த மருந்து ஓலன்சபின். எடையையும் ரத்தக் கொழுப்பையும் அதிகம் ஏற்றியதும் அதே ஓலன்சபின்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஆய்வு நமக்குப் பயன்படும்.

கொஞ்சம் பின்னால் போய்வர உங்கள் அனுமதி வேண்டும். 1952-ல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் இருவரும் குளோர்புரோமசினை மனநோயாளிகளுக்குக் கொடுத்து அதன் பலனை வெளியிட்டார்கள். அதுவரை அதிர்ச்சி சிகிச்சையும் அடைத்து வைப்பதும் தவிர அதிகம் கையில் இல்லாத ஒரு துறைக்குக் கதவு திறந்தது. 1958-ல் பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வுக்கூடம் ஹாலோபெரிடாலைக் கண்டுபிடித்தது. இந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கு உடல் விறைத்தது, நடை குறுகியது, முகத்தில் பாவம் மறைந்தது. பார்க்கின்சன் நோயாளியைப் போலவே ஆனார்கள். அன்றைய மருத்துவர்களில் பலர் அதை மருந்து வேலை செய்வதற்கான அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் ஹாசே என்ற மருத்துவர் ஒரு கையெழுத்துச் சோதனையே வைத்திருந்தார். நோயாளியை நாள்தோறும் எழுதச் சொல்வார். எழுத்து இலேசாகச் சிறுத்துக் குறுகத் தொடங்கும் அளவுதான் சரியான அளவு என்பது அவர் கொள்கை. அதைத் தாண்டிக் கொடுப்பதால் பயனில்லை என்றும் அவர் எச்சரித்தார். பின்னால் வந்தவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டு, விறைப்பு வந்தால்தான் குணம் வரும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

அது தவறு என்று காட்டியது மூளையையே படமெடுத்துப் பார்த்த ஆய்வுகள். 2000-ல் டொரன்டோவில் ஷிதிஜ் கபூர் குழுவினர், நோய் புதிதாக வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 1 அல்லது 2.5 மில்லிகிராம் ஹாலோபெரிடால் மட்டும் கொடுத்து, மூளையின் டோபமின் ஏற்பிகளில் எத்தனை பங்கை மருந்து பிடித்திருக்கிறது என்று அளந்தார்கள். 65 சதவீதத்தை எட்டும்போது குணம் தெரியத் தொடங்கியது. 72-ஐத் தாண்டினால் புரோலாக்டின் ஏறியது. 78-ஐத் தாண்டினால் விறைப்பும் நடுக்கமும் வந்தன. குணத்துக்கும் உபாதைக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அது குறுகலானது, ஆனால் உண்மையானது. 10, 15 மில்லிகிராம் என்று பழக்கத்தில் எழுதப்படும் சீட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று எண்கள்தான் நினைவுக்கு வருகின்றன. மருந்தின் பெயரைத் தேர்வதற்கு முன்னால் அளவைத் தேர வேண்டும். பாதி உபாதை அங்கேயே போய்விடும்.

இனி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மதுரைப் பக்கத்தில் பூக்கட்டிப் பிழைக்கும் ஓர் அம்மா, நாற்பதைத் தாண்டிய வயது. குரல்கள் கேட்பதும், பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றிப் பேசுவதாகப் படுவதும் ஹாலோபெரிடாலில் அடங்கிவிட்டன. வேறு இடத்தில் தொடங்கிய மருந்து. நடுக்கத்துக்கு டிரைஹெக்சிஃபெனிடிலும் கூடவே போய்க்கொண்டிருந்தது. வீட்டார் நிம்மதியாக இருந்தார்கள். அவர் மட்டும், "எல்லாம் சரியாப் போச்சு சார், ஆனா விரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றார். முன்னால் கட்டியதில் பாதி முழம்கூட இப்போது ஆவதில்லை.

கைப்பையில் நூல் இருந்தது. வாசலில் பூ வாங்கி வரச் சொல்லி, கட்டிக்காட்டச் சொன்னேன். இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டிரண்டு மொட்டாகக் காம்போடு காம்பு எதிரெதிரே வைத்தார். வலது கையால் நூலைச் சுருக்குப் போட்டு இழுத்தார். முதல் நாலைந்து கண்ணி விரைவாக, ஒரே அளவாக விழுந்தன. அதன்பின் ஒவ்வொரு சுருக்கும் முந்தியதைவிடச் சிறிதானது. பத்தாவதில் கை நின்றது. நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நின்றது. திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு படிப்படியாகச் சுருங்கி நிற்பது பார்க்கின்சன் தன்மையின் தெளிவான அறிகுறி. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொல்லி நாங்கள் சோதிப்பதும் இதைத்தான். மாணவர்களுக்குச் சொல்கிறேன்: நோயாளியின் தொழில் என்ன என்று கேளுங்கள், முடிந்தால் அதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அதைவிட நுட்பமான பரிசோதனை உங்கள் மேசையில் இல்லை.

மருந்தை மாற்றியாக வேண்டும். எதற்கு? ஓலன்சபின் கொடுத்தால் விரல் விடுபடும். ஆனால் அவருடைய தாய்க்கும் அண்ணனுக்கும் சர்க்கரை நோய். இவர் இடுப்புச் சுற்றளவே ஏற்கெனவே 80 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது. குவெட்டியபின் கொடுக்கலாம், விறைப்பு மிகக் குறைவு. ஆனால் காலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் நிற்க வேண்டியவர் அவர். இரவில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூன்று மணிக்கு எழுந்திருப்பது பெரும்பாடு. ரிஸ்பெரிடோன் சிறிய அளவில் கொடுக்கலாம், அளவு கூடினால் விரல் கதை மறுபடி வரும். அரிப்பிப்ரசோல் எடையை அதிகம் ஏற்றாது, தூக்கமும் குறைவு. ஆனால் சிலருக்கு அதில் ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வருகிறது. சம்மணமிட்டு மணிக்கணக்காக உட்கார்ந்து செய்யும் வேலை இவருடையது. நான்கையும் விரித்துச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு அவர் கேட்டார்: "உக்கார முடியலைன்னா நாலு நாள்ல தெரிஞ்சிரும்ல்ல சார்? மாத்திரைய விட்டா போயிரும்ல்ல? சக்கரை வந்தா போகாதுல்ல?"

பாடப்புத்தகங்கள் உபாதைகளை உறுப்புவாரியாகப் பிரித்து வைத்திருக்கின்றன: நரம்பு, வளர்சிதை மாற்றம், ஹார்மோன், இதயம் என்று. அந்த அம்மா வேறு விதமாகப் பிரித்தார். சீக்கிரம் தெரிந்து, நிறுத்தினால் போய்விடுவது ஒரு பக்கம். மெதுவாக, சத்தமில்லாமல் வந்து, வந்தபின் போகாதது இன்னொரு பக்கம். எனக்குத் தெரிந்தவரை மருந்துத் தேர்வுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. அரிப்பிப்ரசோலைச் சிறிய அளவில் தொடங்கி, ஹாலோபெரிடாலைப் பல வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். தவிப்பு வரத்தான் வந்தது. அளவைக் குறைத்ததும் அடங்கியது. டிரைஹெக்சிஃபெனிடிலையும் பிறகு மெல்ல நிறுத்தினோம். அந்த மாத்திரை வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், நினைவை மங்கச் செய்யும். ஆன்டிசைகாட்டிக் எழுதும்போதே அதையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தெழுதும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தேவைப்பட்டவருக்குத் தேவைப்படும் காலத்துக்கு மட்டும் எழுதுவதே முறை.

தவிப்பு என்றேன். அகதீசியா என்ற அந்த உபாதையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது உயிர் சம்பந்தப்பட்டது. கால் நிலைகொள்ளாது. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைப்பார். உள்ளுக்குள் சொல்ல முடியாத பதைப்பு. வீட்டார், "நோய் முற்றிவிட்டது, வீட்டுக்குள்ளேயே நடந்துகிட்டே இருக்கான்" என்று அழைத்து வருவார்கள். அதை நம்பி அளவைக் கூட்டினால் பதைப்பும் கூடும். அந்த வேதனையில் தற்கொலையை நினைத்தவர்களும் உண்டு. அளவைக் குறைப்பதும், தேவைப்பட்டால் புரோபிரனலால் சேர்ப்பதும் நல்ல பலன் தரும். "மனசு பதறுதா, கால் பதறுதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

மெதுவாக வருவதற்கு டார்டிவ் டிஸ்கினீசியா உதாரணம். மாதங்கள், ஆண்டுகள் கழித்து வாய் தானாக மெல்லும், நாக்கு வெளியே எட்டிப்பார்க்கும். பழைய மருந்துகளில் ஆண்டுக்கு நூறு பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு வந்தது. புதியவற்றில் குறைவு, முற்றிலும் இல்லாமல் இல்லை. முதியவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். இதற்கு இன்று தரப்படும் டெட்ராபெனசின் வகை மருந்துகளின் முன்கதை நம் நாட்டோடு தொடர்புடையது. சர்ப்பகந்தி வேர் மனநோயையும் ரத்த அழுத்தத்தையும் தணிப்பதாக 1931-லேயே கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். அதன் சத்தான ரிசர்பின் 1952-ல் பிரிக்கப்பட்டு, சில ஆண்டுகள் மனநோய்க்கு மருந்தாக உலகெங்கும் பயன்பட்டு, ரத்த அழுத்தச் சரிவாலும் சோர்வாலும் பின்தள்ளப்பட்டது. அதைப்போல் வேலை செய்யும் பொருளைத் தேடியபோது கிடைத்ததே டெட்ராபெனசின்.

எடைக்கு வருகிறேன். இதில்தான் நம் வீடுகளின் அன்பே நமக்கு எதிராக நிற்கிறது. நோயில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த பையன் மாத்திரை தொடங்கியபின் இரண்டாம் முறை, மூன்றாம் முறை சோறு கேட்கிறான். கன்னம் உப்புகிறது. "தேறிட்டான்" என்று தாய் பூரிக்கிறாள். எந்த மருத்துவருக்கும் அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வராது. ஆனால் அது பசியைக் கட்டுப்படுத்தும் ஏற்பிகளில் மருந்து செய்யும் வேலை. கேட்டி ஆய்வில் ஓலன்சபின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு உடல் எடை 7 சதவீதமோ அதற்கு மேலோ கூடியது. குளோசபினும் அதே வரிசை. குவெட்டியபினும் ரிஸ்பெரிடோனும் நடுவில். அரிப்பிப்ரசோல், லுராசிடோன், சிப்ரசிடோன், ஹாலோபெரிடால் கடைசியில்.

இதை நம் மண்ணில் வைத்துப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்களும் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 15.3 சதவீதம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். நம் உடல்வாகு மெலிந்த தோற்றத்துக்குள்ளேயே வயிற்றில் கொழுப்பைச் சேர்ப்பது. அதனால்தான் நமக்கு உடல் நிறைக் குறியீடு 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது; இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. மேலைநாட்டு எல்லைகளை வைத்துக்கொண்டு "இன்னும் இடம் இருக்கிறது" என்று காத்திருந்தால் பிந்திவிடுவோம்.

எனவே ஒரு தராசும் ஓர் அளவு நாடாவும் இல்லாத அறையில் ஓலன்சபின் எழுதக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2004-லேயே முறையை வகுத்துவிட்டன: தொடங்கும் முன் எடை, இடுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, பிறகு 4, 8, 12-ஆம் வாரங்களில் எடை, 12-ஆம் வாரத்தில் ரத்தப் பரிசோதனை மறுபடி. முதல் மாதத்திலேயே 5 சதவீதம் கூடிவிட்டால் இன்னும் கூடப்போகிறது என்று பொருள். அப்போதே மருந்தை மாற்றுவதா, மெட்ஃபார்மின் சேர்ப்பதா என்று பேச வேண்டும். இருபது கிலோ ஏறியபின், "நடைப்பயிற்சி போங்க, அரிசியைக் குறைங்க" என்று நோயாளியைக் கடிந்துகொள்வது நியாயமில்லை. பசியை ஏற்றியது நாம் எழுதிய சீட்டு.

நோயாளிகள் தாமாகச் சொல்லாத உபாதைகள் சில உண்டு. ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைடு ஆகியவை புரோலாக்டினை நன்றாக ஏற்றும். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகும். மார்பில் பால் சுரக்கும். கல்யாணமான பெண் கர்ப்பம் என்று நம்பிக் காத்திருப்பாள். கல்யாணமாகாத பெண்ணின் வீட்டில் அது எப்படிப்பட்ட புயலைக் கிளப்பும் என்று உங்களுக்குத் தெரியும். மருந்தால் இப்படி ஆகலாம், அப்படி ஆனால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தால் அந்தப் புயல் வந்திருக்காது. அதே பெண்ணை அரிப்பிப்ரசோலுக்கு மாற்றும்போது மாதவிலக்கும் கருத்தரிக்கும் வாய்ப்பும் திரும்பும். அதையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஆண்கள் இன்னும் மோசம். விருப்பம் குறைவதையும் இயலாமையையும் மனைவியிடமே சொல்லமாட்டார்கள். லாட்ஜில் அறை எடுத்து வரும் வைத்தியரிடம் பணத்தைக் கொட்டுவார்கள், அல்லது யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவார்கள். மூன்று மாதம் கழித்து நோய் திரும்பியதும், "ஒழுங்காக மருந்து சாப்பிடாதவர்" என்று அவர் கோப்பில் எழுதப்படும். நாம் கேட்கவில்லை என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. துணைக்கு வந்தவரை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நேராகக் கேளுங்கள். பெரும்பாலோர் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். படுக்கையிலிருந்து எழும்போது தலைசுற்றி விழுவது குளோசபின், குவெட்டியபின், குளோர்புரோமசினில் அதிகம். முதியவருக்கு இடுப்பெலும்பு முறிவில் போய் முடியும். இதயத் துடிப்பின் மின்னோட்ட இடைவெளியை நீட்டுவதில் சிப்ரசிடோன் முன்னிற்கிறது. பழைய தையோரிடசின் அதனாலேயே பெரும்பாலான நாடுகளில் கைவிடப்பட்டது. இதய நோயாளிக்கு ஈசிஜி எடுக்காமல் இவற்றைத் தொடக்கூடாது. மறதி நோய் வந்த முதியவர்களுக்குப் புதிய வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005-லும், பழைய வகையும் அப்படித்தான் என்று 2008-லும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. இரவில் தூங்காமல் வீட்டாரைப் படுத்துகிறார் என்பதற்காக மட்டும் ஒரு தாத்தாவுக்கு இதை எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

இவ்வளவையும் நோயின் உச்சத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிளர்ச்சியின் உச்சத்தில் வருபவருக்கு அன்றைக்குத் தேவை அமைதியும் தூக்கமும். அன்றைக்கு எழுதும் மருந்தை அன்றைய மருந்தாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். தெளிந்தபின் அவரோடு உட்கார்ந்து, தொடர்ந்து சாப்பிடப்போகும் மருந்தைத் தேர வேண்டும். நடைமுறையில் இந்த இரண்டாவது உட்கார்தல் நடப்பதில்லை. அவசரத்தில் எழுதியதே பத்தாண்டு ஓடுகிறது. முன்பு எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது எல்லாவற்றையும்விட மதிப்புள்ள தகவல். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும் காலத்திலேயே எழுதிவைக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தந்திருக்கிறது. "ஹாலோபெரிடால் ஊசியில் என் கழுத்து இழுத்துக்கொண்டது, அதை மறுபடி போட வேண்டாம்" என்று ஒரு வரி எழுதிவைப்பதும் அந்த உரிமையில் அடங்கும்.

ரசத்திலும் காபியிலும் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுக்கும் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேறு வழி தெரியாத தாய்மார்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். திடீரென்று நாக்கு தடிக்கிறது, உடம்பு விறைக்கிறது, எச்சில் வழிகிறது. எதனால் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கு எதையோ வைத்துவிட்டார்கள் என்ற அவனுடைய சந்தேகம் அப்போது உண்மையாகவே ஆகிவிடுகிறது. மாதம் ஒருமுறை போடும் ஊசி இதற்கு மாற்றாகலாம். ஆனால் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. அதே மருந்தை மாத்திரையாகச் சில நாள் கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தபின், அவர் சம்மதத்தோடு போட வேண்டும்.

கடைசியாகக் குளோசபின். உபாதையைப் பார்த்து மருந்தைத் தேர வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னவன், அந்த வாதம் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். உபாதைப் பட்டியலை மட்டும் பார்த்தால் குளோசபினை யாருமே எழுதமாட்டார்கள். எடை கூடும், தலையணை நனைய எச்சில் வழியும், மலம் கட்டும், அரிதாக இதயத் தசை வீங்கும். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாக ரத்த வெள்ளை அணுக்கள் அபாயமான அளவுக்கு விழும். 1975-ல் பின்லாந்தில் அப்படி 8 பேர் இறந்தபின் பல நாடுகளில் இதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் 1988-ல் ஜான் கேன் குழுவினர், வேறு மருந்துகள் எதற்கும் மசியாத 268 பேரில் ஒரு பிரிவினருக்கு இதையும் மற்றவர்களுக்குக் குளோர்புரோமசினையும் கொடுத்துப் பார்த்தபோது, ஆறு வாரத்தில் குளோசபின் பெற்றவர்களில் நூற்றுக்கு 30 பேர் தேறினார்கள். குளோர்புரோமசின் பெற்றவர்களில் நூற்றுக்கு 4 பேர். ரத்தப் பரிசோதனை நிபந்தனையோடு மருந்து திரும்பி வந்தது.

அதே பின்லாந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு, 62,250 மனச்சிதைவு நோயாளிகளை 20 ஆண்டு வரை பின்தொடர்ந்தது. ஆன்டிசைகாட்டிக் மருந்தே சாப்பிடாத காலத்தில் திரண்ட இறப்பு 46.2 சதவீதம், ஏதேனும் ஒன்றைச் சாப்பிட்ட காலத்தில் 25.7, குளோசபின் சாப்பிட்ட காலத்தில் 15.6. உபாதை அதிகம் என்று நாம் அஞ்சும் மருந்தில்தான் இறப்பு மிகக் குறைவாக இருந்தது. குளோசபின் பெறுகிறவர்கள் அடிக்கடி பரிசோதிக்கப்படுகிறார்கள், அதற்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். அப்படியானால் அதுவும் கண்காணிப்புக்குச் சாதகமான சான்றுதான். இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் கொடுத்தும் குரல்கள் அடங்காத ஒருவரை மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று ஆண்டுக்கணக்கில் அலையவிடுவது அவருடைய இளமையைக் கரைப்பது. வெள்ளை அணு எண்ணிக்கை பார்ப்பது இன்று தாலுகா மருத்துவமனையிலும் நடக்கிற காரியம். முதல் 18 வாரம் வாரந்தோறும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதைச் சொன்னால், பத்தாண்டு நோயோடு போராடிய குடும்பங்கள் தயங்குவதில்லை. தயக்கம் பெரும்பாலும் எங்கள் பக்கம்தான்.

குளோசபின் தொடங்கி வீட்டுக்கு அனுப்பும்போது குடும்பத்தாரிடம் நான் மூன்று விஷயங்களைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். இரண்டு நாள் மலம் கழியாவிட்டால் வாழைப்பழத்தை நம்பி இராமல் தகவல் சொல்ல வேண்டும். இந்த மருந்தில் மலச்சிக்கலே உயிரைப் பறித்திருக்கிறது. மூன்றாவது பீடி, சிகரெட். அந்தப் புகை குளோசபினை ஈரல் வேகமாகக் கழிக்கும்படி செய்கிறது. வார்டில் புகையில்லாமல் இருந்தபோது பொருந்திய அளவு, வீட்டுக்குப் போய்ப் பழையபடி புகைத்தால் போதாமல் போகும். பீடியை ஒருவர் மன உறுதியோடு திடீரென்று விட்டுவிட்டாலோ, அதே அளவு மருந்து ரத்தத்தில் ஏறித் தூக்கமும் வலிப்பும் வரலாம். புகையை விடுவது நல்லது. விடும் நாளை எங்களிடம் முன்கூட்டிச் சொன்னால் அதற்கேற்ப அளவைக் குறைத்துக் கொடுப்போம்.